குடிக்காத தர்மேந்திரன்

2014 செப்டம்பர் 6. அந்தச் சனிக்கிழமை மாலை வரை தர்மேந்திரனை யாரும் குடிகாரன் என்று சொன்னதில்லை. அதற்குப் பிறகு யாரும் சொல்லாத வாரம் இல்லை.

அப்போது அவனுக்கு வயது இருபத்தேழு. மலேசியாவின் கமுந்திங் தொழிற்பேட்டையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, முச்சந்தியில் ஒரு கார் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்து மோதியது. தலைக்கவசம் இரண்டாகப் பிளந்தது, தலை தப்பியது. ஆனால் மூளையின் பின்பகுதியில், உடம்பின் அசைவுகளைச் சீராக்கும் இடத்தில் அடி. அறிவு, ஞாபகம், முன்கோபம், கிண்டல் எல்லாம் பழையபடியே இருந்தன. நடை மட்டும் மாறிவிட்டது. கால்களை அகட்டி வைத்து, இப்படியும் அப்படியும் சாய்ந்துதான் நடக்க முடிந்தது. பேச்சு நாக்கு தடித்தவன் பேசுவதுபோல இழுத்து இழுத்து வந்தது. எதையாவது எடுக்கக் கையை நீட்டினால், பொருளை நெருங்க நெருங்கக் கை ஆடியது.

ஈப்போ தெருவில் ஒரு தமிழன் இப்படி நடந்து இப்படிப் பேசினால், பார்ப்பவர்களுக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றும். சீனக் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மலாய்க்காரத் தாய் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். வாய்விட்டுத் திட்டுபவர் பெரும்பாலும் தமிழராகத்தான் இருப்பார். அதற்கும் காரணம் உண்டு என்பான் தர்மேந்திரன். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில், கள்ளும் சம்சுச் சாராயமும் ஓர் ஆளையாவது தின்னாத வீடு குறைவு. அப்பனையோ சித்தப்பனையோ அப்படிப் பறிகொடுத்தவனுக்கு, தள்ளாடும் ஓர் உருவத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். யார் மேலோ உள்ள கோபம் வந்து இவன் தலையில் விடியும்.

பழைய ஈப்போவில் உணவகம் நடத்தும் கமருதீன் அவனுக்கு வேலை கொடுத்தார். முதலில் கல்லாவில் உட்காரவைத்தார். "காலையிலயே போட்டுட்டு உக்காந்திருக்கிற ஆளு மூஞ்சில முழிச்சிட்டு எப்படி பாஸ் பசியாறுறது?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். மறுநாளே தர்மேந்திரன் பின்கட்டுக்குப் போனான். வெளியே போகும் பொட்டலங்களைத் திரையில் வரும் ஆர்டர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இப்போது அவன் வேலை. "உன் நல்லதுக்குத்தான் தம்பி," என்றார் கமருதீன். அவர் மனசார அப்படித்தான் நம்பினார்.

சமாளிக்கச் சில வழிகளைத் தர்மேந்திரன் கண்டுபிடித்து வைத்திருந்தான். சுவரோரமாக நடப்பான். கூட்டம் சேர்வதற்கு முன்பே உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்திருக்கும்வரை அவனும் நாலு பேரில் ஒருவன். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் தரும் ஓ.கே.யூ. அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வான். மலாயிலும் தமிழிலும் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது: "நான் குடிக்கல. மூளையில அடி." அதைச் சிரித்துக்கொண்டு சொன்னால் உளறுகிறான் என்றார்கள். கோபமாகச் சொன்னால் சண்டைக்கு வருகிறான் என்றார்கள். அதனால் முகத்தில் எதையும் காட்டாமல் சொல்லப் பழகியிருந்தான்.

இந்த ஆண்டு ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, தங்கை தினேஸ்வரி தொலைபேசியில் அழைத்தாள். மறுநாள் அவளுடைய பதினோரு மாதப் பெண் குழந்தை தஷ்மிதாவுக்குக் காதுகுத்து. கோப்பெங்கைத் தாண்டி, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் நிற்கும் மாரியம்மன் கோவிலில், வருடாந்திரத் திருவிழா நாளன்று. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது, தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டார்கள். கோவில் இருப்பதால் ஆட்கள் வருகிறார்கள்.

"அண்ணே, நல்லா கேளு. மாமாகிட்ட பேசி முடிச்சிட்டேன். உன் மடிதான். ஆனா பத்தரைக்கெல்லாம் நீ கோவில்ல இருக்கணும். நல்ல நேரம் பதினொன்னோட முடியுது. லேட்டானா தீபன் மடியில வெச்சிருவாங்களாம்."

"தீபனா? அவன் உன் புருஷன் ரூபனோட சித்தப்பா மகன்லா. பிள்ளைக்குச் சித்தப்பன் முறை. அவன் எப்படி மாமன் ஆவான்?"

"முறையெல்லாம் இப்ப யாரு பாக்குறா? கை ஆடாத ஆளா இருந்தா போதும்னு சொல்றாரு மாமா."

மாமா என்றது அவளுடைய மாமனார் பத்துமலையை. தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை மேய்த்தவர். தோட்டம் போய்விட்டது, குரல் போகவில்லை. இப்போது கோவில் கமிட்டித் தலைவர்.

பெற்றோர் இருவரும் இல்லாத தினேஸ்வரிக்குத் தாய்வீடு என்றால் தர்மேந்திரன் ஒருவன்தான். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். முதல் தோடும் தாய்மாமன் சீர்தான். அவன் இருந்தும் அவன் மடியில் குழந்தையை வைக்கவில்லை என்றால், கூடியிருக்கும் சனம் அதை ஒரு தீர்ப்பாகவே எடுத்துக்கொள்ளும். இவன் எதற்கும் உதவாதவன் என்று. அதன் பிறகு தினேஸ்வரியின் வீட்டு விசேஷங்களில் அவன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகும் விருந்தாளி மட்டுமே.

ஞாயிற்றுக்கிழமை காலை வேட்டி கட்டி, புது ஜிப்பா போட்டுக்கொண்டான். தோட்டுப் பெட்டியை ஜிப்பாவின் மேல்பையில் வைத்துப் பையின் வாயை ஊக்கு போட்டு மூடினான். அட்டையைக் கழுத்தில் மாட்டப்போனவன் நின்றான். தஷ்மிதா வளர்ந்து பார்க்கப்போகும் படத்தில் அது தொங்க வேண்டுமா என்று தோன்றியது. இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டான். அன்றைய நாளின் முதல் தவறு அதுதான்.

பேருந்து நிலையத்தில் கோப்பெங் வழியாகப் போகும் பஸ் புறப்படத் தயாராக நின்றது. தர்மேந்திரன் கம்பியைப் பிடித்து முதல் படியில் கால் வைத்தான். கால் வழுக்கியது. பிடித்துக்கொண்டான்.

"என்னா அண்ணே, காலையிலயேவா?" என்றார் ஓட்டுநர். தமிழர்தான்.

"நான் குடிக்கல. மூளையில அடி."

"அதான் பாத்தாலே தெரியுதே. நல்லாத்தான் அடிச்சிருக்கு."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "வேட்டி வேற. கோவிலுக்குப் போற கோலமா இது?" என்றது ஒரு பெண்குரல். இரண்டாவது இருக்கையில் ஓர் இளைஞன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தான். அதன் கறுப்புக் கண் தன்னைப் பார்ப்பது தர்மேந்திரனுக்குத் தெரிந்தது. இடுப்புப் பைக்குள் கை விட்டான். அவசரப்பட்டால் கை இரண்டு மடங்கு ஆடும். அட்டை விரலில் சிக்கியது, வெளியே வந்தது, நழுவிப் படிக்குக் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவன் பக்கவாட்டில் சாய்ந்து கதவில் இடித்துக்கொண்டான்.

"எறங்குங்க அண்ணே, எறங்குங்க. விழுந்து கிழுந்து வெச்சா எனக்குத்தான் கேஸு. சாபார்லா, பொறுமையா தெளிஞ்சதும் அடுத்த பஸ்ல வாங்க."

அவன் இறங்கி அட்டையை எடுத்து நிமிர்ந்தபோது கதவு மூடியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைப்பேசி இன்னும் உயர்ந்தே இருந்தது. பஸ் கிளம்பியது. அடுத்தது பதினொரு மணிக்கு.

கைப்பேசியில் வாடகைக் கார் ஒன்றை அழைத்தான். கார் எங்கே வந்து நிற்கும் என்று யோசித்து, அந்த இடத்து நடைபாதை விளிம்பிலேயே போய் உட்கார்ந்துகொண்டான். தான் நடப்பதை ஓட்டுநர் பார்க்கக் கூடாது. கார் வந்ததும் கதவைப் பிடித்து எழுந்து, உடனே உள்ளே சாய்ந்துவிட்டான். ஓட்டியவர் தலையில் முக்காடு போட்ட நடுவயதுப் பெண். பெயர் சுபைதா என்று திரை சொன்னது.

"கோவிலுக்கா அண்ணே? திருவிழா கூட்டம் ஜாஸ்தியாமே."

"ஆமாக்கா. கொஞ்சம்... சீக்கிரம் போலாம்."

அவன் குரலைக் கேட்டதும் அவர் கண் கண்ணாடிக்குப் போனது. நாலு ஜன்னலும் கீழே இறங்கின.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. வாந்தி கீந்தி எடுக்க மாட்டீங்கதானே? போன மாசம் ஒருத்தர் பின்சீட்ட நாசம் பண்ணிட்டுப் போயிட்டாரு. நாத்தம் போக மூணு நாளு காரு எடுக்கல."

"நான் குடிக்கல. மூளையில அடி."

அவர் கண்ணாடியில் அவனை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "அதை ஏறுறப்பவே சொல்லிடணும்லா," என்றார்.

"உங்களுக்கு இனிப்புநீர் நோய் இருக்கா அக்கா?"

"இருக்கு. ஏன்?"

"ஏறுறப்ப நீங்க சொல்லலியே."

சுபைதா முதலில் விழித்தார். அப்புறம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நல்ல வாயிலா உங்களுக்கு," என்றவர் ஜன்னல்களை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனத்தைப் போட்டார். காதுகுத்து, மாமன் மடி, பதினொரு மணி என்று அவன் சொல்லச் சொல்ல வேகம் கூடியது. ஆனாலும் கோவிலுக்குப் போகும் செம்மண் பாதையில் இரண்டு பக்கமும் கார்கள் அடைத்து நின்றன. அதற்கு மேல் போக வழியில்லை. மணி பத்து நாற்பது.

தர்மேந்திரன் நிற்கும் கார்களில் கையை ஊன்றி ஊன்றி நடந்தான். மூன்றாவதோ நாலாவதோ கார், தொட்டதும் வீல் வீல் என்று அலறத் தொடங்கியது. நுழைவாயிலில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். தர்மேந்திரன் செம்மண்ணில் கால் அகட்டி, சாய்ந்து, காரைத் திருடவந்தவன்போல் நின்றான்.

வாயிலில் துணிப் பதாகை கட்டியிருந்தார்கள்: மது அருந்தியவர்களுக்கு அனுமதி இல்லை. போன ஆண்டு உறுமி மேளத்துக்கு ஆடிய கூட்டத்தில் மண்டை உடைந்ததிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. ஆரஞ்சு மேலுடுப்பு போட்ட தொண்டன் ஒருவன், சந்தேகப்பட்டவர்களை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விட்டான். அவன் தர்மேந்திரனின் மேற்கையைப் பிடித்தான்.

"எங்க போறீங்க?"

"உள்ள. காதுகுத்து. நான் தாய்மாமன்."

"எல்லாரும் யாருக்காச்சும் மாமன்தான். ஓரமா நில்லுங்க."

தர்மேந்திரன் அட்டையைக் காட்டினான். தொண்டன் அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தான். "இந்த கார்டு இருக்கிறவங்க குடிக்க மாட்டாங்கன்னு இதுல எழுதலியே."

அப்போது உள்ளேயிருந்து தீபன் வந்தான். பட்டு வேட்டி, நெற்றியில் பளிச்சென்று சந்தனம். மடிக்குத் தயாராகவே வந்திருந்தான். தர்மேந்திரனுக்கு மூச்சு வந்தது. இவனுக்குத் தன்னைத் தெரியும். தினேஸ்வரியின் கல்யாணத்தில் ஒரே மேசையில் சாப்பிட்டவன்.

"மச்சான்," என்றான் தீபன், தரையைப் பார்த்துக்கொண்டு. "பெரியப்பா தோட மட்டும் வாங்கிட்டு வரச் சொன்னாரு. நேரம் ஆச்சாம். நீங்க மெல்ல வாங்க."

தர்மேந்திரன் கை தானாக மேல்பைக்குப் போனது.

"உனக்குத் தெரிஞ்சவரா தீபா?" என்றான் தொண்டன். "நல்லா ஏத்தியிருக்காரு போல."

தீபன் வேட்டி நுனியைச் சரிசெய்தான். ஒரு சொல் போதும். அது வரவில்லை.

"சொல்லு தீபா. நான் குடிக்கிற ஆளா?"

"எனக்கு எப்படித் தெரியும் மச்சான்? உங்ககூடவா நான் இருக்கேன்?"

பஸ்ஸில் கேட்ட சிரிப்பைவிட இது ஆழமாகப் போனது. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. பால்குடம் சுமந்த பெண்கள் வெயிலில் நின்றார்கள். தோட்டைக் கொடுத்தால் நல்ல நேரத்துக்குள் காரியம் முடியும். கொடுக்காவிட்டால், பத்துமலை கத்தப்போவது தினேஸ்வரியிடம். கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனால் யாருக்கும் தொல்லை இல்லை. பதினோரு ஆண்டுகளாக அவன் அதைத்தான் செய்துவந்தான்: யாருக்கும் தொல்லை இல்லாமல் பின்கட்டுக்குப் போவது.

கையைப் பையிலிருந்து எடுத்தான். தொண்டனின் முகத்துக்கு நேராக நின்று, வாயைத் திறந்து நீளமாக ஊதினான்.

தொண்டன் மூக்கைச் சுளித்தான், இன்னொரு முறை முகர்ந்தான். எதுவும் இல்லை. காப்பி வாடைகூட இல்லை; தர்மேந்திரன் பசியாறாமல் வந்திருந்தான்.

"இப்ப நீ ஊது," என்றான் தர்மேந்திரன்.

"என்னா?"

"நான் ஊதிட்டேன்லா. நீ ஊது. நேத்து ராத்திரி நீ என்னா குடிச்சேன்னு பாப்போம்."

தொண்டன் முகத்தைச் சட்டென்று அந்தப் பக்கம் திருப்பினான். வரிசையில் முதலில் நின்ற அக்கா, தலையில் குடம் ஆடாமல், "ஊதேன் தம்பி! ஏன் வெக்கப்படுறே?" என்றாள். பின்னாலிருந்து இன்னும் சில குரல்கள் சேர்ந்தன. தொண்டனின் கை விலகியது.

"வா தீபா," என்றான் தர்மேந்திரன். "தோடும் நானும் ஒண்ணாத்தான் போவோம்."

மண்டபத்தின் ஓரத்தில் பாய் விரித்திருந்தார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு தஷ்மிதா பாட்டியிடம் இருந்தாள். காது குத்தும் பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தினேஸ்வரி அண்ணனைக் கண்டதும் எழுந்தாள். அதற்குள் பத்துமலையின் குரல் முந்தியது.

"வந்துட்டியா தம்பி. நல்லது. தோட குடு. நீ பக்கத்துல நில்லு, போட்டோ எடுத்துக்கலாம்."

"மடி என்னுதுன்னு சொன்னீங்க மாமா."

"சொன்னேன். இப்ப உன் கையப் பாரு."

எல்லாரும் பார்த்தார்கள். ஊக்கைக் கழற்றித் தோட்டுப் பெட்டியை எடுத்து நீட்டிய கை, பத்தர் பக்கம் நெருங்க நெருங்க ஆடியது. பெட்டிக்குள் தோடு கலகலத்தது.

"ஊசி சமாச்சாரம். பச்சப்பிள்ள காது கிழிஞ்சா யாரு பதில் சொல்றது? உன்னைக் கேவலப்படுத்த நான் சொல்லல."

அவர் சொன்னதில் பொய் இல்லை. இதே பயம்தான் தர்மேந்திரனை, காதுகுத்துக்கு நாள் குறித்ததிலிருந்து, இரண்டு வாரமாக உறங்கவிடாமல் செய்தது. தினமும் வீட்டில் அரிசி மூட்டையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துப் பார்த்திருந்தான். நீட்டும்போதுதான் கை ஆடும். கனம் ஏறி, உடம்போடு ஒட்டியிருந்தால் ஆட்டம் அடங்கிவிடும். ஆனால் அரிசி மூட்டை அழாது, உதைக்காது.

"கை ஆடும் மாமா," என்றான். சொற்கள் இழுத்தன, யாரும் குறுக்கிடவில்லை. "ஆனா கனத்தப் பிடிச்சா நிக்கும். என்னால முடியலன்னா நானே சொல்லி எழுந்திருச்சிருவேன். நீங்க சொல்ல வேண்டியதில்ல."

பத்துமலை வாயைத் திறந்தார். தினேஸ்வரி மாமியாரிடமிருந்து குழந்தையை வாங்கினாள், யாரையும் கேட்கவில்லை. "உக்காரு அண்ணே," என்றாள்.

ரூபன் அப்பாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், கடைசியில் மைத்துனன் உட்காரக் கை கொடுத்தான். குழந்தை மடிக்கு வந்தது. தர்மேந்திரன் இரண்டு கைகளையும் அதன் வயிற்றின் குறுக்கே கட்டி, முழங்கைகளை விலாவோடு இறுக்கினான். விரல் நுனிகள் இன்னும் நடுங்கின. பத்தர் காத்திருந்தார். மண்டபத்தில் எல்லோருடைய கண்ணும் அந்த விரல்களில் இருந்தது. குழந்தையின் கனம் மெல்ல இறங்கி உட்கார்ந்தது. நடுக்கம் குறைந்தது.

"தலையப் பிடிக்க ஆள் வேணுமே," என்றார் பத்தர்.

"தீபா," என்றான் தர்மேந்திரன். "தலைய நீ பிடி."

தீபன் தயங்கி, முட்டி போட்டு உட்கார்ந்தான். சந்தனத் தலையை இரு கைகளாலும் ஏந்தினான். இருவர் முகமும் ஒரு சாண் தூரத்தில். "சோரி மச்சான்," என்று முணுமுணுத்தான்.

"தலையப் பாரு."

வலது காது முடிந்துவிட்டது. ஒரு நொடி கழித்துத்தான் தஷ்மிதாவுக்கு வலி தெரிந்தது. வீறிட்டாள், முதுகை வில்லாக வளைத்து உதைத்தாள். தர்மேந்திரனின் கைகள் அவளோடு சேர்ந்து குலுங்கத் தொடங்கின.

"போதும், போதும்! ஆள மாத்து!" என்றார் பத்துமலை.

"ஒரு காது மாமன் மடியில, ஒரு காது அடுத்தவன் மடியிலயா?" தினேஸ்வரியின் குரல் மாமனார் குரலுக்குச் சமமாக எழுந்தது. "எந்த ஊர்லயாச்சும் உண்டா?"

தர்மேந்திரன் எதையும் காதில் வாங்கவில்லை. எழுந்திருச்சிருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். முடியுமா, முடியாதா? கண்ணை மூடி, குழந்தையைத் தளர்த்துவதற்குப் பதிலாக இன்னும் நெருக்கி அணைத்தான். மார்பும் முதுகும் ஒட்டின. குலுக்கல் நின்றுவிடவில்லை, அடங்கியது.

"குத்துங்க," என்றான்.

பத்தர் குத்தினார்.

பதினொரு மணிக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. மாமன் சீர்த் தோடு இரண்டு காதிலும் ஏறியது. இடது காதுத் துளை வலதைவிட ஓர் அரிசி அளவு மேலே இருக்கிறது. பிள்ளை தலையைத் திருப்பியதால் என்கிறார் பத்தர். மடி ஆடியதால் என்கிறார் பத்துமலை, இன்றுவரை. தான் தலையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்கிறான் தீபன். தர்மேந்திரனைக் கேட்டால், தெரியாது என்கிறான்.

தினேஸ்வரி இப்போது இரண்டாவது குழந்தையைச் சுமக்கிறாள், மார்ச்சில் பிரசவம். அதற்கும் அண்ணன் மடிதான் என்று மாமனாரிடம் சொல்லிவிட்டாள்.